பிளாஸ்டர் இருமல்

ஜூலை 1

இன்றிலிருந்து நான் அதிகாரி. தொற்றுத் தடுப்பு அதிகாரி. சம்பளம் பழைய சம்பளம்தான். பதவியின் அடையாளமாக லேப் முதலாளி ஜெபராஜ் சார் இந்த டைரியைக் கொடுத்தார். ஜனவரியில் ஏதோ பல் சிமெண்ட் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு மாதம் மேஜைக்குள் கிடந்தும் புத்தம்புதிதாக இருக்கிறது. எங்கள் லேபில் எழுதி வைக்கும்படி யாருக்கும் எதுவும் நடந்ததில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

விஷயம் இதுதான். ஏழு ஊரில் கிளை வைத்திருக்கும் பெரிய பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் பல்செட் வேலையை எல்லாம் எங்களுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் ஆகஸ்டில் வந்து சுத்தம் பார்ப்பார்களாம்.

"ஆவுடையம்மா, இருபத்தாறு வருசமா இங்க இருக்கிய. ஒங்களுக்குத் தெரியாததா? யார் யார் என்ன தப்பு பண்ணுதாங்கன்னு தெனமும் இதுல எழுதுங்க. நான் அப்பப்ப பாத்துக்கிடுதேன்" என்றார் சார்.

அவர் பார்க்கமாட்டார். வாசலில் மாட்டியிருக்கும் லேப் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து விழுந்து நாலு வருடம் ஆகிறது, அதையே அவர் இன்னும் பார்க்கவில்லை. ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் லேப். ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலையும் தூசி வரும் என்று அடைத்துவிட்டோம். உள்ளே இருக்கிற தூசி வெளியே போய்விடக் கூடாதில்லையா. வேலை செய்வது மூன்று பேர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாய்க்குள் பசை மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுத்து அனுப்புவார்கள். நஸீமா அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்பாள். நான் அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவேன். முப்பிடாதி அண்ணன் கடைசியில் பாலீஷ் போடுவார்.

அச்சு பஸ்ஸில் வரும். பிஸ்கட் டப்பாவுக்குள், ஈரப்பஞ்சு சுற்றி. எச்சிலும் ரத்தமும் கூடவே இலவசம். லேபில் கழுவிக்கொள்வார்கள் என்று டாக்டர்கள் நம்புகிறார்கள். டாக்டர் கழுவித்தான் அனுப்பியிருப்பார் என்று நாங்கள் நம்புகிறோம். இப்படி ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையிலேயே இருபத்தாறு வருடம் ஓடியிருக்கிறது.

ஜூலை 3

பதவியேற்ற கையோடு சட்டம் போட்டேன். சுவரில் ஒட்டியாகிவிட்டது. ஒன்று, வந்த அச்சை முதலில் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இரண்டு, ப்ளீச்சிங் தண்ணீரில் பத்து நிமிடம் போட வேண்டும். மூன்று, கையுறை. நான்கு, மூக்குமறைப்பு. ஐந்து, வேலை மேஜையில் டீ கூடாது. ஐந்தாவதைத்தான் மூன்று பேரும் கவனமாகப் படித்தார்கள், நான் உட்பட.

முதல் பலி தூத்துக்குடியிலிருந்து வந்த அச்சு. நஸீமா நேற்றுச் சாயங்காலம் ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டவள் இன்று காலையில்தான் எடுத்தாள். அந்தப் பசை தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பிவிட்டது. அதில் மாதிரி எடுத்தால் வரும் பல்செட் கோயில் யானைக்குத்தான் பொருந்தும்.

"நீங்கதானக்கா போடச் சொன்னிய" என்றாள்.

"பத்து நிமிசம்னு சொன்னேன்ட்டி."

"நீங்க சொல்லும்போதே இருமுனியளா, பத்து நிமிசம்னது எனக்குக் கேக்கலக்கா."

டாக்டரிடம் மறுபடி அச்சு எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அச்சு பஸ்ஸில் குலுங்கிக் கெட்டுவிட்டது என்றார் சார். பஸ்காரர்கள் எங்களுக்காக எத்தனை பழியைச் சுமந்திருக்கிறார்கள்.

ஜூலை 6

மகள் சக்திக்கு வளைகாப்பு. கோவில்பட்டியில் சம்பந்தியம்மா வீட்டில் நடந்தது. ஏழாம் மாதம். இரண்டு கையிலும் வளையல் ஏற ஏற என் பிள்ளையின் முகம் சின்னப்பிள்ளையில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் அப்பா இருந்து பார்த்திருக்கலாம். போய் ஏழு வருடம் ஆகிறது.

முறைப்படி வளைகாப்பு முடிந்தால் பிள்ளை அம்மா வீட்டுக்கு வர வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு அதில் ஒரு சின்ன யோசனை. அவர்களுடைய யோசனைகள் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், ஊசி மாதிரி.

"மதினி, நீங்க காலையில போனா சாயந்தரம் வருவிய. அதுவும் ஊராம் வாயில வச்சதத் தொட்டுச் செய்யுத வேல. பச்ச ஒடம்புக்காரி இருக்க எடம் சுத்தமா இருக்கணும்லா. எம் மகனும் மஸ்கட்டுல கெடக்கான். பிரசவம் இங்ஙனயே நடக்கட்டுமே?"

நான் விடுவேனா. "நான் இப்போ எங்க லேபுக்குத் தொற்றுத் தடுப்பு அதிகாரி மதினி" என்றேன். சபையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். சக்தி என்னோடு காரில் ஏறிவிட்டாள்.

என் வீட்டில்தான் பிள்ளை பிறக்கும். நான்தான் முதலில் கையில் வாங்குவேன். இதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஜூலை 7

இரண்டு மாம்பழம் சாப்பிட்டாள். ஒன்று எனக்காக வைத்தது.

ஜூலை 11

குற்றப் பதிவு. முப்பிடாதி அண்ணன் பல்செட்டைப் பாலீஷ் போட்டு முடித்ததும் கீழ் உதட்டில் வைத்து இழுத்துப் பார்க்கிறார். வழவழப்பு விரலுக்குத் தெரியாதாம், உதட்டுக்குத்தான் தெரியுமாம். அவர் பாலீஷ் போடும் பூமிஸ் தூளைச் சட்டியில் குழைத்து வைத்திருக்கிறார். அந்தச் சட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன். "வாங்கும்போது சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றார். சட்டி வாங்கி ஒன்பது வருடம். அதில் தண்ணீர் தெளிப்பார், தூள் சேர்ப்பார், மாவட்டத்தில் உள்ள அத்தனை வாயும் அதற்குள் ஒற்றுமையாக இருக்கும்.

சட்டம் பேசினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏ ஆவுடை, என் ஒதட்டச் சொல்லுதியே. நீ மெழுகு செதுக்கிச் செதுக்கி வாயால ஊதுதியே, அது என்ன சாம்பிராணிப் புகையா?"

உண்மைதான், ஊதுகிறேன். மெழுகுத் துணுக்கும் பிளாஸ்டர் தூளும் பல் இடுக்கில் நின்றுவிட்டால் கடிமானம் சரியாக வராது. தூரிகையால் தட்டலாம், அதற்குப் பொறுமை வேண்டும். இருபத்தாறு வருடமாக ஊதி ஊதித்தான் பல் அடுக்குகிறேன். ஆனால் நான் அதிகாரி. அதிகாரியின் மூச்சை யாரும் குற்றப் பதிவில் சேர்ப்பதில்லை.

வாக்குவாதத்தில் எனக்கு இருமல் வந்து, பேச்சு அதோடு நின்றது. பிளாஸ்டர் இருமல். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. முப்பிடாதி அண்ணனுக்கு உண்டு, முன்பு இருந்த துரைப்பாண்டிக்கு இருந்தது, சாருக்கே இருக்கிறது. சாயங்காலம் ஆளுக்கொரு நாட்டுப்பழம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று சார் தினமும் ஒரு சீப்பு வாங்கி வைப்பார். இருமிக்கொண்டே அண்ணனே ஒரு பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார்.

ஜூலை 19

மூக்குமறைப்பு ஐம்பது வந்திருக்கிறது. நஸீமா போட்டுக்கொண்டாள். முப்பிடாதி அண்ணன் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டார். அங்கே தொற்று வராது. நான் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து பல் எது மெழுகு எது என்று தெரியவில்லை. அதனால் மேஜைமேல் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.

மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூவருக்கும் போட வேண்டும் என்று சார் சொன்னார். "எனக்குக் காமாலை வந்தா வந்த காமாலைக்குத்தான் ஆபத்து" என்கிறார் அண்ணன். குற்றப் பதிவு இரண்டு.

ஜூலை 24

சக்தி இன்றைக்கு என் ரவிக்கையைத் துவைத்து மடிக்கும்போது, "என்னம்மா இது, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கணும் போலுக்கே. இப்படி எளச்சிட்டியே" என்றாள். பணக்காரப் பெண்கள் ஜிம்முக்குப் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள், எனக்கு இனாமாக நடந்திருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலமானால் உடம்பு கொஞ்சம் கதகதக்கிறது. பகல் முழுக்க மெழுகு விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு உடம்பு ஐஸாகவா இருக்கும்.

ஆகஸ்ட் 2

பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவி வந்தாள். லேப் ஊழியர்களின் தொற்று விழிப்புணர்வைப் பற்றி ஆராய்ச்சியாம். இருபது கேள்வி, ஆளுக்கொரு தாள். அச்சைக் கிருமி நீக்கம் செய்கிறீர்களா? ஆம். ஒவ்வொரு நோயாளிக்கும் பூமிஸ் தூளை மாற்றுகிறீர்களா? ஆம். முப்பிடாதி அண்ணன் இதற்கு ஆம் போட்டதோடு நிற்காமல் பக்கத்தில் 'அவசியம்' என்றும் எழுதினார். பல்செட்டை அனுப்பும்முன் மருந்தில் கழுவுகிறீர்களா? ஆம். உதட்டில் வைத்துப் பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. கேள்வித்தாள் தயாரித்தவர்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்.

பதினேழாவது கேள்வி: இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருக்கிறதா?

இல்லை என்று போட்டேன். அது பிளாஸ்டர் இருமல், கணக்கில் வராது.

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அக்கா, நான் பார்த்ததுல உங்க லேபுதான் பெஸ்ட்" என்றாள். ஆராய்ச்சியில் நாங்கள் நூற்றுக்கு நூறு எடுத்திருப்போம். நாட்டுக்கு எங்களால் ஆனது.

ஆகஸ்ட் 9

காலையில் பல் தேய்க்கும்போது கழுவும் தொட்டியில் கொஞ்சம் சிவப்பு. துண்டிலும் பட்டிருந்தது. மெழுகு. எங்கள் மெழுகு சிவப்புத்தான், நகக்கண்ணில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். துண்டை நானே துவைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. சக்தி பக்கத்தில்தான் படுத்தாள். விடியும்போது என் தலையணை, பாய், புடவை எல்லாம் நனைந்திருந்தன. கரண்ட் போயிருக்கும். அவள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், மின்விசிறியும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போய்விட்டு வந்திருக்கும்.

ஆகஸ்ட் 22

ஆய்வு நாள். லேப் ஒரு நாள் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தோம். அதற்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது என்பது நஸீமாவுக்கு இன்றுதான் தெரிந்தது. முப்பிடாதி அண்ணன் ஒன்பது வருடச் சட்டியைக் கழிப்பறைக்குள் ஒளித்துவிட்டுப் புதுச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி.

வந்தது ஒரு டாக்டரம்மா. நாற்பது வயது இருக்கும். சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து, "நீங்கதான் பொறுப்பாளரா? நடைமுறையைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். மனப்பாடமாகச் சொன்னேன். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது. பழைய மாதிரி இரண்டு மூன்றோடு நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"இது பிளாஸ்டர் இருமல் டாக்டர். தொழில்ல எல்லாருக்கும் இருக்கதுதான்."

"எத்தனை நாளா?"

"மே மாசத்துலேருந்து."

"சாயங்காலம் காய்ச்சல் வருதா? எடை குறைஞ்சிருக்கா? சளியில ரத்தம்?"

மூன்றுக்கும் இல்லை என்றேன். கேள்வித்தாள் பழக்கம். அவர் என் ரவிக்கையின் தோள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். 'சளிப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரி, உடனே.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். "டிபியா இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரை இருக்கு. இல்லாட்டா நல்லதாப் போச்சு. ஆனா தள்ளிப்போடாதீங்க. வீட்ல யாரும் சின்னக் குழந்தை, கர்ப்பிணி இருக்காங்களா?"

"இல்ல" என்றேன்.

ஆஸ்பத்திரி வேலை எங்களுக்குக் கிடைத்துவிட்டது. சார் லட்டு வாங்கினார். சீட்டை இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23

போகலாம். போகக்கூடாது என்றில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம். இப்போது போய், அங்கே யாராவது தெரிந்தவர்கள் பார்த்து, அது கோவில்பட்டிவரை போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்? சம்பந்தியம்மா அடுத்த பஸ்ஸில் வந்து சக்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இல்லாத நோய்க்கு இருக்கிற பிள்ளையை அனுப்ப முடியுமா. பிரசவம் முடியட்டும். பிள்ளையைக் கையில் வாங்கியபிறகு எத்தனை டப்பாவில் வேண்டுமானாலும் துப்பிக் கொடுக்கிறேன்.

நாட்டுப்பழம் இரண்டாக்கியிருக்கிறேன். தேனும் மிளகும் சேர்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 3

தனியாகப் படுக்கலாம் என்று பாயை முன்னறைக்குக் கொண்டுபோனேன். உனக்குக் காற்று நிறைய வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். சக்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். "வயித்துக்குள்ள ஒதைக்கும்போது கைய வச்சுப் பாக்க ஆள் வேணும்லா" என்றாள். கையை வைத்துப் பார்த்தேன். நன்றாக உதைக்கிறது. பாயைத் திரும்ப உள்ளே கொண்டுபோக எனக்கு மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். திரும்பக் கொண்டுபோனேன் என்பது உண்மை.

செப்டம்பர் 8

நஸீமா என் மேஜையைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். வெளிச்சத்துக்காம். அவளுக்கு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. ஜன்னலை இப்போதெல்லாம் காலையில் நானே திறந்து வைக்கிறேன்.

செப்டம்பர் 14

காலையில் அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் சக்தி இருமினாள்.

ஒரு இருமல். கொஞ்சம் நின்று இன்னும் இரண்டு.

தோசையைத் திருப்பவில்லை. கரிந்து போயிற்று. கையில் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். இவள் லேபுக்கு ஒரு நாள்கூட வந்ததில்லையே. பிளாஸ்டரைக் கையால் தொட்டதில்லையே. பிறகு இவளுக்கு எந்தத் தூசி?

"நேத்து ஐஸ்கிரீம் தின்னேம்மா, திட்டாத" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

செப்டம்பர் 15

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்பி ஜன்னல். அங்கே ஒரு பெண் நீலக் கையுறை, மூக்குமறைப்பு, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் சுவரில் நான் ஒட்டிய சட்டம் அத்தனையும் ஆளாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, வெளியே திறந்த இடத்தில் போய் ஆழமாக இருமிச் சளியை எடுத்துவரச் சொன்னாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். "மூடிய நல்லா இறுக்கியிருக்கியளா? வெளிய ஏதும் ஒட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை வெளிப்பக்கம் துடைத்து, பேர் எழுதி, தட்டில் வைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவினாள். பஸ்ஸில் பிஸ்கட் டப்பாவில் வந்த ஆயிரக்கணக்கான பேரின் எச்சிலை நான் ஒரு தடவைகூட இவ்வளவு மரியாதையாக வாங்கியதில்லை. நாளைக் காலையில் எழுந்ததும் எடுக்கும் சளி இன்னொரு டப்பாவில் வேண்டுமாம்.

செப்டம்பர் 17

இருக்கிறது.

செப்டம்பர் 18

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். ஆறு மாதம். முதல் வேளையை டாக்டர் முன்னாலேயே விழுங்கினேன். வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, மூக்குமறைப்பைப் போட்டுக்கொண்டு சக்தியிடம் சொன்னேன். கண்ணாடியில் ஆவி படிந்து அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

"எப்பம்மா தெரியும்?"

"இன்னைக்குத்தான்."

"ரிசல்ட்ட கேக்கல. ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவள் என் பிள்ளை. டைரியை ஏமாற்றலாம், அவளை ஏமாற்ற முடியாது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி துண்டில் இருந்தது மெழுகு இல்லை என்று சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தது, அதை நான் எழுதக்கூட இல்லை என்று சொன்னேன். டாக்டரம்மா கொடுத்த சீட்டைக் காட்டினேன். அவள் தேதியைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஒன்ன விட்டுட்டாம்மா போயிருவேன்?"

போய்விடுவாள் என்று பயந்துதான் சொல்லவில்லை என்று அவளிடமே எப்படிச் சொல்வது.

அத்தைக்கு அவளே போன் போட்டாள். சம்பந்தியம்மா மூன்று மணி நேரத்தில் காரோடு வந்து நின்றார்கள். திட்டுவார்கள் என்று நான் தயாராக இருந்தேன். பதிலும் இரண்டு மூன்று தயார் செய்து வைத்திருந்தேன். அவர்களோ வாசலில் நின்று, "மதினி, இவளுக்கும் இன்னைக்கே டெஸ்ட் எடுத்துட்டுத்தான் போறோம். நீங்க மருந்த ஒருவேளகூட விட்றாதீய. சாப்பாட்டுக்கு என்ன செய்யுதிய? ஆள் ஏற்பாடு பண்ணட்டா?" என்றார்கள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மூன்று மாதமாக இவர்களைப் பற்றி எழுதியும் நினைத்தும் வந்ததற்கு நான் வெட்கப்பட்டேன். திட்டியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

கார் கிளம்பும்போது சக்தி கண்ணாடியை இறக்கினாள். பிறகு அவளே ஏற்றிக்கொண்டாள்.

செப்டம்பர் 20

சக்திக்கு எதுவும் இல்லை. சளியில் இல்லை, மற்றப் பரிசோதனையிலும் இல்லை. சம்பந்தியம்மாதான் போன் செய்து சொன்னார்கள். ஐஸ்கிரீம் இருமல்தான். போனை வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன்.

ஜெபராஜ் சாருக்கு நானே போன் செய்து சொன்னேன். லேபில் எல்லோருக்கும் பரிசோதனை. நஸீமாவுக்கும் சாருக்கும் இல்லை. நஸீமா பிள்ளையையும் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாள், அதற்கும் இல்லை. முப்பிடாதி அண்ணனுக்கு இருக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்ல முடியாதாம். அந்த அடைத்த ஜன்னலுக்குள் எல்லா மூச்சும் ஒரே மூச்சுதான். அண்ணன் போன் பண்ணினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடு தாயி. எனக்கும் ரெண்டு வருசமா இருமல்தான். நாட்டுப்பழத்த நம்பி நாசமாப் போனோம்" என்றார்.

செப்டம்பர் 26

பெண் குழந்தை. காலை 6.40. இரண்டே முக்கால் கிலோ. சுகப்பிரசவம். முதலில் கையில் வாங்கியது சம்பந்தியம்மா.

செப்டம்பர் 27

காசநோய்ப் பிரிவிலிருந்து சுடலைமுத்து என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதுதான், முப்பதுகூட இருக்காது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வாசல் திண்டில் உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் பட்டியல் வேண்டுமாம். பெயர், வயது, உறவு.

"பிரம்மசக்தி, இருபத்தஞ்சு, மக" என்றேன்.

"வேற?"

"பேத்தி."

எழுதினார். "பேரு?"

"இன்னும் வைக்கல. நேத்துத்தான் பொறந்துச்சு."

"எத்தன நாளும்மா ஒங்க கூட ஒரே வீட்ல இருந்துச்சு?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்போ வேண்டாம்மா. பிள்ள லிஸ்ட்டுல வராது. அதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்." பேத்தி என்று எழுதியதை ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். நல்ல செய்திதான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

"நான் எப்போப் போய்த் தூக்கலாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு வாரம் மாத்திரை ஒழுங்காப் போச்சுன்னா பெரும்பாலும் அடுத்தவங்களுக்குப் பரவாதும்மா. டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாங்க. தீவாளிக்குள்ள போயிருவிய." பேசிக்கொண்டே என் கோப்பைப் புரட்டினார். டாக்டரம்மாவின் சீட்டை நான் அதில் வைத்திருந்தேன். தேதியைப் பார்த்தார். "ஆகஸ்ட் இருவத்தி ரெண்டா? அன்னைக்கே வந்திருந்தியன்னா செப்டம்பர் பாதிக்குள்ள சரியாயிருப்பியளேம்மா. மக ஒங்க வீட்டுக்கே திரும்பி வந்திருக்கலாம். பிள்ளைய நீங்களே கையில வாங்கியிருப்பிய."

குத்திக்காட்டவில்லை. சும்மா விவரமாகத்தான் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்து செருப்பை மாட்டினார். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்து, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.

மூன்று மாதமாக ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் இதில் பதில் எழுதியிருக்கிறேன். இவருக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.